வீட்டிலிருந்து லண்டன் வேலை: காலை நேரத்தை எப்படிக் காப்பாற்றுவது?

கொக்குவில் மேற்கு
செவ்வாய், இரவு 10.50

வணக்கம் அண்ணாமார், அக்காமார். கொக்குவிலில் வீட்டிலிருந்தபடியே லண்டன் நிறுவனம் ஒன்றுக்கு மென்பொருள் சோதனை வேலை செய்கிறேன். அங்கே காலை 9 மணி என்றால் இப்போது எங்களுக்கு மத்தியானம் 1.30. கூட்டம், அழைப்பு எல்லாம் அதற்குப் பிறகுதான். அவர்கள் 5 மணிக்கு எழும்பிப் போகும்போது இங்கே இரவு 9.30.

நான் கேட்க வந்தது காலை நேரத்தைப் பற்றி. சோதனைத் திட்டம் எழுதுவது, அறிக்கை தயாரிப்பது, புதிதாக ஒன்றைப் படிப்பது என்று இருந்து யோசிக்க வேண்டிய வேலைகளுக்குக் காலை 8 முதல் 12 வரைதான் தோதான நேரம். லண்டன் நித்திரை. ஒரு தகவலும் வராது. ஆனால் வீட்டிலும் அயலிலும் "அவனுக்கு மத்தியானம்தானே வேலை" என்று ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். வங்கிக்குப் போவது, அப்பாவின் மருந்து வாங்குவது, மாமாவைக் கொழும்பு ரயிலில் ஏற்றிவிடுவது, தண்ணீர் மோட்டர் திருத்த வருபவருக்குப் பக்கத்தில் நிற்பது எல்லாமே காலையில் என்னிடம்தான் வருகின்றன. பாவம், அவர்களும் வேண்டுமென்று செய்வதில்லை. மத்தியானம் அழைப்புகள் தொடங்கிவிட்டால் பிறகு ஒன்றும் எழுத முடியாது. எழுத்து வேலை முழுவதும் இரவு 10 மணிக்குப் பின்னால் தள்ளுப்படுகிறது.

நோஷன், டுடூயிஸ்ட், ட்ரெல்லோ என்று வேலைகளைக் குறித்து வைக்கும் செயலிகளைப் பலர் சொல்கிறார்கள். உங்களில் யாராவது தொடர்ந்து பாவிக்கிறீர்களா? எது இதற்கு உதவும்?


அரியாலை வெளி
செவ்வாய், இரவு 11.20

நான் டுடூயிஸ்ட் பாவிக்கிறேன், பிடித்திருக்கிறது. ஆனால் உனக்கு முதலில் வேண்டியது பொமொடோரோ என்று நினைக்கிறேன் மச்சான். 1980களின் கடைசியில் பிரான்செஸ்கோ சிரிலோ என்ற இத்தாலிய மாணவர் தக்காளி வடிவத்தில் இருந்த சமையலறை மணிக்கூட்டை வைத்துப் படிக்கத் தொடங்கியதிலிருந்து வந்த முறை. 25 நிமிடம் ஒரே வேலை, 5 நிமிடம் ஓய்வு. நான்கு முறை முடிந்தால் நீண்ட ஓய்வு. போனை வேறு அறையில் வைத்துவிடு. தொடங்க மனம் வராத நாட்களில் "25 நிமிடம்தானே" என்று இருந்துவிடலாம். எனக்கு அதுவே பெரிய உதவி.


750 பஸ்
புதன், காலை 6.40

தம்பி கொக்குவில், செயலியைப் பிறகு பார்ப்போம். காலையில் உமக்கு நான்கு மணி நேர வேலை இருக்கிறது என்பதை வீட்டில் யாரிடமாவது சொல்லியிருக்கிறீரா? நீர் எழுதியதைப் பார்த்தால் சொன்ன மாதிரித் தெரியவில்லை. சொல்லாத நேரம் மற்றவர்களுடைய கண்ணுக்கு வெற்று நேரம்தான். எந்தச் செயலியில் போட்டு வைத்தாலும் அது உம்முடைய போனுக்குள் இருக்கும், அம்மாவுக்கு அது தெரியப்போவதில்லை.

நான் பருத்தித்துறையிலிருந்து தினமும் பஸ்ஸில் யாழ்ப்பாணம் வந்து அரச கந்தோர் ஒன்றில் வேலை செய்பவன். ஓய்வுபெறும் வயதை நெருங்கிவிட்டேன். எங்கள் வேலையில் கதவை மூட முடியாது. நெடுந்தீவிலிருந்து விடியப் படகேறி, குறிகட்டுவானில் இறங்கி, பஸ் பிடித்து வருகிற ஒரு வயோதிபரை "கோப்பு வேலையாக இருக்கிறேன், நாளைக்கு வாருங்கள்" என்று திருப்பி அனுப்ப முடியுமா? அனுப்பவே கூடாது. அவருக்கு அந்தக் கையெழுத்துக்காக ஒரு நாள் முழுவதும் போய்விடுகிறது. நேர முகாமைத்துவம் என்று பேசுபவர்கள் இந்த இடத்தை அவ்வளவாக யோசிப்பதில்லை என்பது என் எண்ணம். நம்முடைய நேரத்தைக் காப்பாற்ற எடுக்கும் முடிவு வேறொருவரின் நாளைக் கொண்டுபோய்விடலாம்.

ஆகவே நான் செய்வது இதுதான். சனம் எப்போது வருகிறது என்று கவனித்துப் பார்த்தேன். தூர இடத்துப் பஸ்களும் படகுக்காரரும் வந்து சேர 9.30 தாண்டும். கந்தோர் திறப்பது 8.30. முன்னைய பஸ்ஸில் வந்தால் 7.45க்கே மேசைக்குப் போய்விடலாம். அந்த இடைவெளியில்தான் கணக்குப் பார்க்க வேண்டிய, விதிமுறை புரட்ட வேண்டிய கோப்புகளை எடுப்பேன். 9.30க்குப் பிறகு சனத்தின் நேரம். அப்போது நிமிடத்துக்கொருதரம் எழும்ப வேண்டியிருந்தாலும் எனக்குக் கோபம் வருவதில்லை, ஏனென்றால் அதை அவர்களுக்கென்றே ஒதுக்கிவிட்டேன். பின்னேரம் 3 மணிக்குப் பிறகு மறுபடி கொஞ்சம் அமைதி கிடைக்கும். கடிதங்களை அப்போது முடிப்பேன்.

இன்னொன்று. எந்தக் கோப்பையும் பாதியில் விட்டு எழும்பும்போது ஒரு துண்டுத் தாளில் ஒரு வரி எழுதிச் செருகிவிடுவேன். "உறுதியின் பிரதி பார்த்தாயிற்று. அடுத்து: எல்லை அளவை வரைபடத்துடன் ஒப்பிடுக." அவ்வளவுதான். வந்தவரை அனுப்பிவிட்டுத் திரும்பும்போது கோப்பை முதலிலிருந்து வாசிக்க வேண்டியதில்லை. இந்தப் பழக்கத்தை எனக்குச் சொல்லித் தந்தவர் நான் சேர்ந்த காலத்தில் இருந்த ஒரு பிரதம இலிகிதர். ஒருநாளும் பதறியதை நான் கண்டதில்லை.


வடலி
புதன், காலை 9.05

750 ஐயா சொன்ன துண்டுத் தாளுக்கு ஆராய்ச்சியே இருக்கிறது. சோஃபி லிறோய் என்பவர் 2009இல் எழுதிய கட்டுரையில், ஒரு வேலையை முடிக்காமல் அடுத்ததற்குப் போகும்போது மனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது, அதனால் புதிய வேலை கெடுகிறது என்று காட்டினார். 2018இல் தெரேசா குளோம்புடன் சேர்ந்து செய்த ஆய்வில் அதற்கு ஒரு வழியும் சொன்னார். எழும்பும் முன் எங்கே நிற்கிறேன், திரும்பி வந்ததும் எதைச் செய்வேன் என்று சுருக்கமாக எழுதிவிட்டுப் போகிறவர்கள் இடையில் வந்த வேலையில் நன்றாகக் கவனம் செலுத்துகிறார்கள். இலிகிதர்கள் அனுபவத்தில் கண்டுபிடித்து வைத்திருந்ததைத்தான் அவர்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள் என்று எனக்குப் படுகிறது.

பொமொடோரோ பற்றி ஒரு மாற்றுக் கருத்து. தொடங்குவதற்கு நல்லது, அதை மறுக்கவில்லை. ஆனால் நீண்ட அறிக்கை எழுதும்போது மனம் உள்ளே போகவே இருபது நிமிடம் ஆகும் எனக்கு. சரியாக அந்த நேரம் பார்த்து மணி அடித்தால் எரிச்சல்தான் மிஞ்சும். எழுத்து வேலைக்கு மணியை 50 நிமிடத்துக்கு வைத்துப் பாருங்கள்.


சுன்னாகம் அக்கா
புதன், மத்தியானம் 12.15

எல்லாவற்றையும் வாசித்தேன். நல்ல விடயங்கள்தான். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

கொக்குவில் தம்பி, நீங்கள் மாமாவை ரயிலில் ஏற்றாவிட்டால் யார் ஏற்றுவது? அப்பாவின் மருந்துக்கு யார் போவது? அந்த வேலைகள் காற்றில் கரைந்துவிடாது. அம்மாவோ தங்கையோதான் செய்வார்கள். அவர்களுக்கும் ஒரு காலை நேரம் இருக்கிறது. ஆகவே "எனக்குக் காலையில் வேலை, குழப்பாதீர்கள்" என்று அறிவித்துவிட்டுக் கதவைச் சாத்துவது நியாயமான வழியென்று நான் நினைக்கவில்லை. எல்லோரும் இருந்து, என்ன வேலைகள் வருகின்றன, யார் எதை எப்போது செய்வது என்று பிரித்துக்கொள்ளுங்கள். உங்கள் பங்கை வைத்துக்கொண்டே நேரத்தை மட்டும் மாற்றிக் கேளுங்கள். அப்படிக் கேட்டால்தான் கொடுப்பவர்களும் மனமாரக் கொடுப்பார்கள்.

நான் வீட்டிலிருந்து கொழும்பிலுள்ள சில சிறிய வியாபாரங்களுக்குக் கணக்கு எழுதுகிறேன். இரண்டு பிள்ளைகள், மாமியாருக்கு நடக்கக் கஷ்டம். எனக்கு மூடக் கதவே இல்லை. மேசை இருப்பது குசினிக்குப் பக்கத்தில். இதற்குள் வேலை நடக்கிறதென்றால் வேலையை அளவு பார்த்துப் பிரிப்பதால்தான். வங்கி இணக்கக் கூற்றை, அதாவது எங்கள் கணக்கும் வங்கிக் கணக்கும் பொருந்துகிறதா என்று பார்ப்பதை, ஒரு பக்கம் ஒரு பக்கமாகச் செய்யலாம். பருப்பு அவிகிற நேரத்தில் ஒரு பக்கம் முடிந்துவிடும். விலைப்பட்டியல்களைப் பதிவதும் அப்படித்தான், யார் கூப்பிட்டாலும் எழும்பலாம். ஆனால் வருமான வரி விபரத்திரட்டு அப்படிச் செய்யக்கூடியது இல்லை. நவம்பர் 30க்கு முன் கொடுத்தாக வேண்டும். ஒருவருடைய வருட வரவு செலவு முழுவதையும் தலையில் வைத்துக்கொண்டு இருக்க வேண்டும். நடுவில் ஒரு அழைப்பு வந்தால் திரும்ப முதலிலிருந்து பார்க்க வேண்டியதுதான். அதற்கு என் கணவரிடம் சனிக்கிழமை காலையைக் கேட்டு வாங்கியிருக்கிறேன். அவர் பிள்ளைகளைத் தன்னுடைய அம்மா வீட்டுக்குக் கூட்டிப்போவார். பதிலுக்கு ஞாயிறு காலை அவருடையது. கோயில், நண்பர்கள், தோட்டம் என்று என்ன வேண்டுமானாலும் செய்யட்டும், நான் கேட்பதில்லை.

தலைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிற விடயங்களுக்கும் ஒன்று சொல்கிறேன். மகனுடைய தடுப்பூசி, காஸ் முடியப்போவது, ஒரு வாடிக்கையாளர் தராத ரசீது. இவைதான் வேலையை விடக் களைப்பாக்கும். ஒரு கொப்பியில் "செவ்வாய் பின்னேரம், பள்ளியிலிருந்து வரும் வழியில், காஸ்" என்று நாளும் இடமும் சேர்த்து எழுதிவிட்டால் அது தலையை விட்டுப் போய்விடுகிறது. வெறுமனே "காஸ்" என்று எழுதினால் போவதில்லை. ஏன் என்று தெரியாது, ஆனால் இந்த வித்தியாசம் எனக்கு நிச்சயம்.


வடலி
புதன், மத்தியானம் 12.50

அக்கா, அதையும் சோதித்திருக்கிறார்கள். மசிகாம்போ, பௌமைஸ்டர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வு. முடியாத காரியங்கள் மனத்தில் குறுக்கிட்டுக்கொண்டே இருக்கின்றன. எப்போது, எங்கே, எப்படி என்று திட்டவட்டமாகத் தீர்மானித்தவர்களுக்குக் காரியம் முடியாதபோதும் அந்தக் குறுக்கீடு நின்றுவிட்டது. அக்காவின் கொப்பியில் நடப்பது அதுதான்.


கஸ்தூரியார் வீதி அச்சகம்
புதன், இரவு 8.30

தம்பிமார், நான் அச்சகம் நடத்துகிறேன். அவசரம் என்றால் என்ன என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். எங்களிடம் வருகிற ஒவ்வொருவருக்கும் அவசரம்.

அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ஐசனோவர் 1954இல் ஒரு பேச்சில், அவசரமானவை ஒரு வகை, முக்கியமானவை இன்னொரு வகை என்று முன்னாள் கல்லூரித் தலைவர் ஒருவர் சொன்னதாகச் சொன்னார். அதை நான்கு கட்டமாக்கிப் பல இடங்களில் படம் போடுகிறார்கள். அச்சகத்தில் அந்த நான்கு கட்டம் எனக்கு அவ்வளவாக உதவவில்லை. எனக்கு உதவியது ஒரே கேள்வி: "திகதி மாற்ற முடியுமா?"

நினைவு மலரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் காலமானால் 31ஆம் நாள் வீட்டுக்கிருத்தியத்துக்கு அது கையில் இருக்க வேண்டும். 32ஆம் நாள் கொண்டுபோனால் அது வெறும் காகிதம். அந்தத் திகதி கண்ணை மூடிய அன்றே எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் குடும்பத்தார் வருவது கடைசி வாரத்தில். திதி வெண்பா எழுதுபவர் இன்னும் தரவில்லை, ரொறன்ரோவிலிருக்கிற மகனின் இரங்கல் இன்னும் வரவில்லை, படங்கள் வட்ஸ்அப்பில் சுருங்கி வந்திருக்கின்றன. துக்கத்தில் இருப்பவர்களிடம் கோபப்படவும் முடியாது, கூடவும் கூடாது. அதனால் முறையை மாற்றினேன். மரண அறிவித்தல் அடிக்க வரும் அன்றே ஒரு சின்னத் துண்டில் எழுதிக் கொடுத்துவிடுவேன். படங்கள் எட்டாம் நாளுக்கு முன், இன்ன நாள். வெளிநாட்டவர் எழுத்து, இன்ன நாள். வெண்பா, இன்ன நாள். பிழை திருத்தம், இன்ன நாள். அந்தத் துண்டு வீட்டுச் சுவரில் ஒட்டப்படுகிறது. குடும்பத்தில் யாராவது ஒரு பிள்ளை அதைப் பொறுப்பெடுத்துவிடும். அவர்களுக்கும் அந்த நாட்களில் செய்வதற்கு ஒன்று கிடைக்கிறது.

கலியாணக் கார்ட் வேறு. "இன்றைக்கே வேண்டும்" என்பார்கள். கலியாணம் எப்போது என்று கேட்டால் இரண்டு மாதம் இருக்கும். அது வரிசையில்தான் வரும், அன்போடு சொல்லிவிடுவேன்.

2022ஐயும் சொல்ல வேண்டும். மார்ச் கடைசியில் ஒரு நாளில் 13 மணி நேரம் வரை மின்வெட்டு. மெஷின் ஓடாது. முதல் சில நாள் எல்லோரும் கரண்ட் வரும்வரை வாசலில் நின்றோம். பிறகு, எந்தப் பிரிவுக்கு எந்த நேரம் வெட்டு என்று அட்டவணை வந்ததும் வேலைகளைக் கரண்ட் வேண்டியவை, வேண்டாதவை என்று இரண்டாகப் பிரித்தேன். மடிப்பது, கோர்ப்பது, பசை போடுவது, கணக்குப் பார்ப்பது எல்லாம் இருட்டுக்கு முன் வாசல் வெளிச்சத்தில். கரண்ட் இருக்கிற நேரத்தில் மெஷினைத் தவிர வேறு ஒன்றையும் யாரும் தொடக்கூடாது. உண்மையைச் சொன்னால், மெஷின் ஓடிய ஒவ்வொரு மணித்தியாலத்திலும் முன்னைவிட அதிகம் அடித்தோம். கொடுத்த நேரத்தை நிரப்பும்வரை வேலை நீளும் என்று பார்க்கின்சன் என்பவர் 1955இல் எழுதினாராம். அந்த மாதங்களில் அதன் மறுபக்கத்தைப் பார்த்தேன். ஆனால் அந்தக் காலம் திரும்பி வரவேண்டாம், சனம் பட்ட பாடு போதும்.

தம்பி கொக்குவில், உம்முடைய வேலையையும் இப்படிப் பிரித்துப் பாரும். அமைதி வேண்டியது, லண்டன் ஆள் வேண்டியது, இரண்டும் வேண்டாதது. மூன்றாவது வகையைக் காலையில் தொடவே வேண்டாம்.


அரியாலை வெளி
புதன், இரவு 9.10

அண்ணை, துண்டு ஒட்டும் விடயம் மிகவும் பிடித்தது. எங்கள் குழுவில் வாடிக்கையாளர்களுக்கு இதே மாதிரி அனுப்பப் போகிறேன்.


வடலி
வியாழன், காலை 8.40

அச்சக அண்ணை திகதி பற்றிச் சொன்னதால் இன்னொன்று. நாம் ஒரு வேலைக்கு எவ்வளவு நாள் ஆகும் என்று சொல்வது எப்போதும் குறைவாகவே இருக்கிறது. கனடாவில் பியூலர், கிரிஃபின், றொஸ் மூவரும் 1994இல் வெளியிட்ட ஆய்வில், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாகச் சொன்னது 34 நாள். எடுத்தது 55 நாளுக்கு மேல். தாங்கள் சொன்ன நாளுக்குள் முடித்தவர்கள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

பல்கலைக்கழகத்தில் மாணவர்களிடம் நான் ஒவ்வொரு ஆண்டும் இதையே பார்க்கிறேன். சோம்பல் காரணம் இல்லை, கெட்டிக்காரப் பிள்ளைகளும் அப்படித்தான். வேலை எப்படி நடக்கவேண்டும் என்று கற்பனை செய்து நாளைச் சொல்கிறார்கள். போனமுறை எவ்வளவு எடுத்தது என்று பார்த்துச் சொல்வதில்லை. காய்ச்சல் வரும், நல்லூர்த் திருவிழா 25 நாள் வரும், வீட்டில் ஒரு கலியாணம் வரும். ஒவ்வொன்றும் எதிர்பாராதது மாதிரித் தெரியும், ஆனால் ஏதோ ஒன்று ஒவ்வொரு முறையும் வருகிறது. தம்பி, ஒரு சோதனைத் திட்டம் எழுத உண்மையில் எவ்வளவு நேரம் எடுத்தது என்று மட்டும் ஒரு கொப்பியில் குறித்து வாருங்கள். அடுத்தமுறை லண்டனுக்கு நாள் சொல்லும்போது அந்தக் கொப்பியைப் பார்த்துச் சொல்லுங்கள்.


750 பஸ்
வியாழன், பின்னேரம் 5.30

வடலி சொன்னது சரி. அப்புறம், உம்முடைய மேலாளரிடமும் கதையும் தம்பி. இரவு 10 மணிக்குப் பிறகு நீர் எழுதுவது அங்கே யாருக்கும் தெரிந்திருக்காது.


கொக்குவில் மேற்கு
திங்கள், காலை 11.25

எல்லோருக்கும் மிகவும் நன்றி. சுன்னாகம் அக்கா எழுதியதை அம்மாவுக்கும் தங்கைக்கும் வாசித்துக் காட்டினேன். ஞாயிறு பின்னேரம் தேத்தண்ணியோடு இருந்து கதைத்தோம். காலையில் வருகிற வேலைகளை எழுதிப் பார்த்தபோது அதில் பாதிக்குக் காலைதான் வேண்டும் என்று ஒன்றுமில்லை. மருந்தை இரண்டு வாரத்துக்கு ஒன்றாக வாங்கலாம். மின்கட்டணத்தைப் போனிலேயே கட்டலாம். வங்கிக்கும் கச்சேரிக்கும்தான் பகலில் போயாக வேண்டும்.

முடிவு இப்படி: திங்கள், புதன், வெள்ளி காலை 8 முதல் 11 வரை என்னுடையது. செவ்வாய், வியாழன் காலை வீட்டு வேலைகள், அந்த இரண்டு நாளும் யார் எதற்குக் கூப்பிட்டாலும் நான் போவேன். தங்கைக்கு உயர்தரப் பரீட்சை வருகிறது. அவளும் அதே மூன்று காலைகளில் படிப்பதாகச் சொன்னாள், ஆகவே அந்த நேரத்தில் தொலைக்காட்சியும் இல்லை. அம்மா ஒரே ஒரு நிபந்தனை சொன்னார். அப்பாவுக்கு ஏலாமல் வந்தால் எந்தக் கிழமையானாலும் கதவைத் தட்டுவேன் என்று. அதைச் சொல்லவே தேவையில்லை அம்மா என்றேன். போயா விடுமுறை நாட்களில் லண்டனுக்கு வேலை, எங்கள் வீட்டுக்கு விருந்தாளிகள். அன்றைக்கு மட்டும் அயல்வீட்டு மேல்மாடியில் இருந்து வேலை செய்ய அவர்கள் சம்மதித்திருக்கிறார்கள்.

இன்று முதல் நாள். ஒரு சோதனைத் திட்டம் 2 மணி 40 நிமிடம் எடுத்தது. ஒன்றரை மணி நேரம் என்று நினைத்து இருந்தேன். கொப்பியில் குறித்தாயிற்று. மேலாளருடன் நாளை கதைக்கிறேன். நாள் முடியும் கூட்டத்தை எங்கள் நேரம் 9 மணியிலிருந்து 7 மணிக்கு மாற்ற முடியுமா என்று கேட்கப் போகிறேன்.


சுன்னாகம் அக்கா
திங்கள், மத்தியானம் 1.00

மிகவும் சந்தோஷம் தம்பி. தங்கைக்கு என் வாழ்த்துகளைச் சொல்லுங்கள்.

ஒக்டோபர் கடைசி ஞாயிறு இங்கிலாந்தில் மணிக்கூட்டை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைப்பார்கள், ஞாபகம் இருக்கிறதா? அதற்குப் பிறகு உங்கள் வேலை 2.30க்குத் தொடங்கி இரவு 10.30க்கு முடியும். காலையில் ஒரு மணி நேரம் கூடக் கிடைக்கிறதே என்று எல்லோரும் அதில் வேலை வைக்கத் தொடங்கிவிடுவார்கள். ஆனால் அந்த ஒரு மணி நேரம் உங்கள் நித்திரையிலிருந்து போனது. 8 மணியை அப்போது 9 ஆக்குவதாக வீட்டில் இப்போதே சொல்லி வையுங்கள்.


கொக்குவில் மேற்கு
திங்கள், மத்தியானம் 1.20

அதை யோசிக்கவே இல்லை அக்கா. குசினியில் தொங்குகிற கலண்டரில் ஒக்டோபர் தாளைப் புரட்டி எழுதிவிட்டேன், எல்லோரும் பார்க்கிற இடம் அதுதான். மார்ச் கடைசியில் திரும்ப மாறும்போதும் எழுதவேண்டும், ஆனால் அடுத்த வருடக் கலண்டர் இன்னும் வரவில்லை. சரி, அழைப்பு தொடங்கப்போகிறது. மேலாளர் என்ன சொல்கிறார் என்று வந்து எழுதுகிறேன்.